புயல் தெரிகிறது, படகுக்குச் சொல்வது யார்?

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது, 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட வானிலைச் செயற்கைக்கோள் இன்சாட்-3டிஎஸ். அதனால் வங்கக்கடலும் அரபிக்கடலும் எந்நேரமும் அதன் பார்வையில். மொட்டைமாடி டிடிஎச் தட்டை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும் என்பதும் இதே கணக்குதான். ஆனால் மேலிருந்து பார்த்தால் மட்டும் போதாது: 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நடுக்கடலில் செல்போனுக்கு ஏது சிக்னல்? இப்போது படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் கருவி, ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி கடத்துகிறது. நல்ல ஏற்பாடு. அது விசைப்படகோடு நின்றுவிடாமல் ஃபைபர் படகுக்கும் வர வேண்டும். பழுதானால் துறைமுகத்திலேயே சரிசெய்துதர ஆள் வேண்டும். செயற்கைக்கோளுக்குச் செலவழித்த அரசுக்கு இது பெரிய காசில்லை.