எத்தனை வருஷம்னு கேட்டாச்சு, எப்படின்னு எப்போ கேக்கப் போறோம்?

2025 ஜனவரியில சிவகளை இரும்பு பத்தின அறிக்கை வந்தப்போ என் வாட்ஸப் ரெண்டு நாள் தூங்கவே விடலை. கி.மு. 3345! ஐயாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல! அதுக்கு முன்னாடி 2022ல மயிலாடும்பாறை, கி.மு. 2172. ஒரு கோஷ்டி "உலகத்துக்கே இரும்பு குடுத்தது நாமதான்"னு குதிச்சுது. இன்னொரு கோஷ்டி "தேதி கரிக்கா, இரும்புக்கா?"ன்னு மடக்குச்சு. சண்டை போடட்டும், நல்லதுதான். ஆராய்ச்சின்னா கேள்வி வரணும்.

ஆனா ரெண்டு கோஷ்டியும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அதை எப்படிய்யா செஞ்சாங்க? எந்த அடுப்பு, எந்தச் சுத்தி, எவ்வளவு சூடு, எப்போ அடி, எப்போ தண்ணி? என்னைக் கேட்டா "எப்போ"வை விட "எப்படி"தான் அவசரம். ஏன்னு சொல்றேன்.

இதுக்குக் கொஞ்சம் வடக்கே போகணும். எண்ணூர் தாண்டி இல்லீங்க, கனடாவோட வடகோடி :-)

அங்கே காப்பர்மைன்னு ஒரு ஆறு. பெரிய செம்புச் சுரங்கம் இருக்குன்னு கேள்விப்பட்டு ஹட்சன் பே கம்பெனி, சாமுவேல் ஹெர்ன்னு ஒருத்தரை அனுப்புச்சு. பனியில நடையா நடந்து 1771 ஜூலையில போய்ச் சேந்தார். தேடோ தேடுன்னு தேடினதுல கிடைச்சது சுமார் நாலு பவுண்டுக் கட்டி ஒண்ணு. கம்பெனிக்கு அது நஷ்டக் கணக்கு. ஆனா அந்தப் பக்கத்து இனுயிட் மக்களுக்கு அந்த மாதிரிக் கட்டிகள்தான் பிழைப்பே. தரையில இயற்கையாவே கிடைக்கிற சுத்தச் செம்பைப் பொறுக்கி, கல்லால தட்டி, கத்தி, அம்புமுனை, ஈட்டிமுனைன்னு செஞ்சுகிட்டாங்க. உருக்கவே இல்லை. உருக்குற அளவு சூட்டுக்கு அந்தப் பனிக்காட்டுல விறகுக்கு எங்க போறது?

செம்பைச் சும்மா தட்டிகிட்டே இருந்தா இறுகிப்போய் விரிசல் விடும். அதனால நடுநடுவுல நெருப்புல காட்டி இளக்கணும். மறுபடி மடிச்சுத் தட்டணும். இது எப்படித் தெரிய வந்துது? டயமண்ட் ஜென்னஸ்னு ஒரு மானிடவியல்காரர் 1914ல இருந்து 1916 வரைக்கும் அந்த மக்களோடயே இருந்து, அவங்க வாழ்க்கையையும் கருவிகளையும் எழுதி வச்சார். வியாபாரிங்க கொண்டுவந்த இரும்பு, செம்பை ஓரங்கட்டிகிட்டிருந்த காலம் அது. பின்னாடி 1981ல ஊர்சுலா ஃபிராங்க்ளின்னு ஒரு உலோகவியல் அம்மாவும் அவங்க சகாக்களும் அந்தப் பகுதிப் பழைய செம்பை ஆராய்ஞ்சு புத்தகமாப் போட்டாங்க. தட்டினதும் இளக்கினதும் உலோகத்தோட மணிகள்லயே தடமா நிக்கும், மைக்ரோஸ்கோப்புல தெரியும். ஆனா செஞ்ச கை எதுக்கு அப்படிச் செஞ்சுதுன்னு மைக்ரோஸ்கோப் சொல்லாது. அதுக்குக் கை உயிரோட இருக்கும்போதே ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கணும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஆதிச்சநல்லூர். 1876ல பெர்லின்ல இருந்து வந்த ஜாகோர் தோண்டி எடுத்துகிட்டுப் போனார். அப்புறம் 1899லிருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்ததுல நிறைய நம்ம எழும்பூர் மியூசியத்துலயே இருக்கு, ராயபுரத்துல பஸ் ஏறினா போய்ப் பாத்துடலாம். ஆதிச்சநல்லூர்லயும் நீலகிரி ஈமக்குழிகள்லயும் கிடைச்ச மெல்லிசான வெண்கலக் கிண்ணங்களை சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ஞ்சப்போ, வெள்ளீயம் சுமார் 23 சதவீதம் இருந்துது.

இதுல என்ன அதிசயம்னு கேக்குறீங்களா? சாதா வெண்கலத்துல வெள்ளீயம் பத்து சதவீதம் பக்கம்தான் இருக்கும். இருபதைத் தாண்டினா, ஆறினதும் கண்ணாடி மாதிரி. தட்டினா உடைஞ்சுடும். ஆனா சுமார் 600லிருந்து 700 டிகிரி வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கு. அந்தச் சூட்டுல மட்டும் அதே உலோகம் மாவு மாதிரி வளைஞ்சு குடுக்கும். அந்த நேரத்துக்குள்ள தட்டி மெல்லிசாக்கி, ஆற விடாம தண்ணியில தோய்ச்சல் குடுத்துட்டா உடையாது, பளபளப்பாவும் இருக்கும், தட்டினா கணீர்னு கேக்கும். உள்ள ஊசி ஊசியா ஒரு அமைப்பு உறைஞ்சு நிக்கும், அதுதான் தோய்ச்சலுக்குச் சாட்சி. இதே முறையில கேரளாவுல இன்னும் பாத்திரம் தட்டுறவங்க இருந்ததையும் அவங்க நேர்ல பார்த்துப் பதிவு பண்ணியிருக்காங்க. பழைய கிண்ணத்தோட கதை அப்போதான் முழுசாச்சு.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்துல 600 டிகிரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கலரை வச்சுத்தான்.

காசிமேடு பக்கம் ஒரு பட்டறையில, வளைஞ்சுபோன விசைப்படகு புரொப்பெல்லரை நிமிர்த்துறதைப் பார்த்துகிட்டிருந்தேன். பித்தளையில இருந்துது. வெளியே இவ்ளோ இடம் கிடக்கு, எதுக்கு இந்த இருட்டுக்குள்ள வேலைன்னு கேட்டேன். பெரியவர் சிரிச்சார். "வெயில்ல கலர் தெரியாது தம்பி. சூடு ஏறலைன்னு நெனச்சிக்கினு ஏத்திக்கினே இருந்தேன்னு வையி, எல இளகிப் பூடும். இருட்டுல பாத்தாதான் கருஞ்செவப்பு கரீக்டா தெரியும்."

இந்த ஒரு வரி எந்த ஆய்வகத்துலயும் கிடைக்காது. பழைய உலைக்கூடம் ஒண்ணைத் தோண்டுறவருக்கு, அது ஏன் வெளிச்சம் வராத மாதிரி இருந்துருக்கலாம்னு யோசிக்க இது போதும்.

"காசிமேட்டுப் பட்டறைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு ஒருத்தர் கேப்பீங்க. பரம்பரைத் தொடர்ச்சின்னு நான் சொல்லலை. அப்படிச் சொன்னா வாட்ஸப் கோஷ்டியில நானும் ஒருத்தன் ஆயிடுவேன். ஆனா உலோகம் மாறலை. அன்னிக்கும் இன்னிக்கும் சூடு கம்மியானா விரிசல், அதிகமானா உருகல். அதைக் கையும் கண்ணும் எப்படிச் சமாளிக்குதுங்கிறது ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினை.

வடசென்னை இந்த மாதிரிக் கைகளால ஆன ஊர். எண்ணூர்ல லாரி, திருவொற்றியூர்ல புல்லட், துறைமுகத்துல கப்பல் ரிப்பேர், காசிமேட்டுல படகு. இதைச் சுத்தி லேத்து, ஃபவுண்டரி, கொல்லுப்பட்டறை, ஈயம் பூசுறவங்கன்னு ஒரு உலகம். அதுல எத்தனை பேர் பசங்க அதே வேலைக்கு வர்றாங்க? வரணும்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் புகையிலயும் சூட்டுலயும் நிக்காத நமக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை. பசங்க படிச்சு ஏசி ரூமுக்குப் போகட்டும். ஆனா அப்பாவோட கைக்குத் தெரிஞ்சது எங்கயாவது எழுதி இருக்கணும் இல்லையா?

மண்ணுக்குள்ள இருக்குற தாழி இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். பட்டறைப் பெரியவர் காத்திருக்க மாட்டார்.

தொல்லியல் துறை ஒவ்வொரு அகழாய்வுக்கும் காசு ஒதுக்குறப்போ, ஒரு பங்கை இதுக்கு ஒதுக்கணும். உலோகம் கிடைச்ச குழிப் பக்கத்துல ஒரு கருமானையோ கன்னாரையோ கூட்டிட்டு வந்து கூலி குடுத்து உக்கார வைங்க. "இது எதுக்குங்க இப்படி மடிஞ்சிருக்கு?"னு அவர்கிட்ட கேளுங்க. அறிக்கையில அவர் பேரையும் போடுங்க. கைவினைஞர்னு பொதுவா எழுதித் தள்ளாதீங்க.

அது வரைக்கும் நாம சும்மா இருக்கணும்னு இல்லை. மக்களே, உங்க தெருவுல ஒரு பட்டறை இருக்கும். போன்ல வீடியோ எடுக்கலாம். அவங்க சம்மதம் கேட்டுட்டு, வேலையைக் கெடுக்காம. சுத்திக்கு என்ன பேர், இடுக்கிக்கு என்ன பேர், எந்தக் கலர் வந்ததும் அடிக்கிறார், தண்ணியா எண்ணெயா, உடைஞ்சா ஏன் உடைஞ்சுதுன்னு சொல்றார். இவ்வளவுதான். கும்பகோணத்துக்காரங்க சுவாமிமலையையும் நாச்சியார்கோயிலையும் பார்த்துக்குங்க, திருவொற்றியூரை நான் பார்த்துக்கறேன். பதிவு போட்டா பின்னூட்டத்துல சுட்டி குடுங்க, கண்டிப்பா வந்து படிப்பேன்.

டிஸ்கி: "5300 வருஷம்டா!"ன்னு ஃபார்வர்டு பண்றவங்க பண்ணிக்கலாம், தடை இல்லை. கூடவே ஒரு வரி சேத்துக்குங்க: "எப்படின்னு தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"