தொட்டி அளவுக்குத்தான் வளருமா?

கடல்நீர் மீன் விற்கும் கடைகளில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள நீல டாங்கைக் காட்டி, ‘இது எவ்வளவு பெரிசாகும்?’ என்று கேட்டால், ‘டேங்க் சைஸுக்குத்தான் சார் வளரும், கவலைப்படாதீங்க’ என்கிறார்கள். 2003-இல் ‘ஃபைண்டிங் நீமோ’ வந்தபின் குழந்தைகள் ‘டோரி’ என்று கைகாட்டும் மீன் அதுதான். வாங்குகிறவர் நிம்மதியோடு தன் நாலடித் தொட்டிக்குக் கொண்டுபோகிறார். விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. அவரும் அதை நம்புகிறார். இத்தனை பேர் நம்புவதாலேயே இதை உரக்க மறுக்க வேண்டியிருக்கிறது. எந்த மீனும் கண்ணாடியை அளந்து பார்த்து வளர்வதில்லை.

நீல டாங், சர்ஜன் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வாலின் அடியில் இருபக்கமும் கத்திபோல் கூரிய முள் கொண்ட இந்தக் குடும்பத்தில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நீல டாங் ஏறக்குறைய 30 செ.மீ. வரை வளரும், மஞ்சள் டாங் 20 செ.மீ.; செங்கடலின் சோஹல் டாங் 40 செ.மீ. நாலடித் தொட்டியின் அகலமோ பெரும்பாலும் 45 செ.மீ. அதிலும் பாதியை லைவ் ராக் எனும் பாறைகளும் பவளங்களும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தில் முழுதாக வளர்ந்த நீல டாங்கால் நிம்மதியாகத் திரும்பக்கூட முடியாது. பகல் முழுவதும் நீந்திக்கொண்டே இரை தேடும் உயிர் அது.

இந்த நம்பிக்கை கண்ணாடிக் கிண்ணத்துத் தங்கமீனிலிருந்து வந்தது. கிண்ணத்தில் வைத்த தங்கமீன் சிறியதாகவே இருப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது இடத்துக்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்ட மீன் அல்ல. கழிவு சேர்ந்த நீரிலும் நெருக்கடியிலும் வளர்ச்சி குன்றிப்போன மீன். நன்றாக வைத்துக்கொண்டால் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது அங்கே சீக்கிரமே செத்துப்போகிறது. ஊட்டமில்லாமல் உயரம் குறைந்த பிள்ளையை ‘வீட்டுக்கு ஏற்ற உயரம்’ என்று யாராவது சொல்வார்களா?

பவளங்கள் வளர்க்கும் ரீஃப் டேங்க்கில் இந்த வாதம் இன்னும் வேகமாக உடைகிறது. பவளங்கள் பிழைக்க வேண்டுமென்றால் கழிவை நீக்கும் ஸ்கிம்மர் ஓட வேண்டும், நைட்ரேட் குறைவாக இருக்க வேண்டும், வாரந்தோறும் நீரைக் கவனிக்க வேண்டும். அப்படித் தூய்மையான நீரில் நல்ல தீனி தின்னும் மீன் வளரத்தான் செய்யும். வளரவில்லை என்றால் பசியிலோ பயத்திலோ நோயிலோ இருக்கிறது என்று பொருள். வளர்ந்தால் இடமில்லை, வளராவிட்டால் நலமில்லை. நாலடித் தொட்டிக்காரருக்கு மூன்றாவது வழி எதுவும் கிடையாது.

‘இப்போ சின்னதுதானே, பெரிசானதும் பெரிய டேங்க் வாங்கிக்கலாம்’ என்பது அதே நம்பிக்கையின் இன்னொரு வடிவம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பிடித்த சர்ஜன் மீன்களின் செவிக்கல் வளையங்களை எண்ணி சோட், ஆக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட கட்டுரையை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மரத்தின் ஆண்டு வளையம்போலவே அந்தச் சிறு கல்லிலும் வயது பதிகிறது. பல இனங்கள் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றன என்றும், வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். அதாவது, பெரிய தொட்டிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் காலம்தான் மீன் வேகமாக வளரும் காலம். ‘நாலு வருஷமா என்கிட்ட நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்பவர் அதன் வாழ்நாளின் தொடக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்.

எல்லா நோய்க்கும் சிறிய தொட்டிதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரிக்கும் நோயை, நீரைச் சுத்தப்படுத்தப் போடும் கரியும் உண்டாக்கக்கூடும் என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சோதிக்கப்பட்டதும் ஒரு சர்ஜன் மீன்தான். ஆனால் நெருக்கடி மீனின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. இலங்கை, மாலத்தீவுக் கடல்களிலிருந்து பிடிபட்டு வரும் பவுடர் ப்ளூ டாங் வொய்ட் ஸ்பாட் நோய்க்குச் சட்டென்று ஆளாகும் என்பது ஹாபிக்காரர்கள் அனைவரும் அறிந்தது. எல்லை காத்துச் சண்டையிடும் அந்த மீனைக் குறுகிய தொட்டியில் இன்னொரு டாங்குடன் விட்டால், வால்முள் மற்றதன் விலாவைக் கிழிக்கும்.

பண்ணையில் பிறந்த மீனை வாங்கினால் போதும் என்பவர்களும் உண்டு. ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-இல் மஞ்சள் டாங்கையும், புளோரிடா பல்கலைக்கழக ஆய்வகம் 2016-இல் நீல டாங்கையும் குஞ்சிலிருந்து வளர்த்துக் காட்டியது பெரிய சாதனை; பவளப்பாறைகளிலிருந்து பிடிப்பது அதனால் குறையும். அந்த மீன்களைத் தேடி வாங்குவதும் நல்லதே. ஆனால் பண்ணையில் பிறந்த நீல டாங்கும் அதே 30 செ.மீ.-ஐ நோக்கித்தான் வளர்கிறது.

வளர்ந்துவிட்ட டாங்கை ஏற்றுக்கொள்ளப் பல கடைகள் தயங்குகின்றன. கடலில் விட்டால் புதிய கேடு. தென்கிழக்கு புளோரிடாக் கடலில் அதற்கு உரியவை அல்லாத 16 மீன் இனங்கள் காணப்பட்டதை 2004-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மஞ்சள் டாங்கும் அவற்றில் ஒன்று. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவை என்றே அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது கடினமில்லை. விலைச் சீட்டில் முழு வளர்ச்சி நீளம், ஆயுள், தேவைப்படும் தொட்டியின் நீளம் மூன்றையும் எழுதட்டும். ஆறடிக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்பவருக்கு நீல டாங்கை விற்க மறுக்கட்டும். நாலடித் தொட்டியோடு வருபவருக்குப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடியையோ ஃபயர் கோபியையோ காட்டட்டும். அவை முழுதாக வளர்ந்தாலும் 10 செ.மீ. அளவில் நின்றுவிடும்.