"மேரி" என்றார் வக்கீல். பதில் சொல்ல மறுத்தார் அந்தப் பெண்!

ஆபீஸ் ஜன்னல் முன்னே ஒரு மூதாட்டி நிற்கிறார். வயது எழுபது. உள்ளே இருப்பவருக்கு வயது இருபத்தைந்து.

"உனக்கு என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு!" என்கிறார் அவர்.

"நீங்கதான் ஐயா தயவு பண்ணணும்" என்கிறார் மூதாட்டி.

பேரன் வயதுக்காரர் "நீ" என்கிறார். பாட்டி வயதுக்காரர் "நீங்க" என்கிறார். இது என்ன நியாயம்?

"இது சின்ன விஷயம்தானே?" என்று சிலர் கேட்கலாம். இந்தச் சின்ன விஷயத்துக்காக ஒரு பெண் ஜெயிலுக்கே போனார்!

கோர்ட்டில் நடந்தது

அமெரிக்காவில் அலபாமா என்று ஒரு மாநிலம். அந்தக் காலத்தில் அங்கே வெள்ளையரை "மிஸ்டர்", "மிஸ்" என்று மரியாதையாக அழைப்பார்கள். கறுப்பினத்தவரையோ வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நரைத்த தலையரைக்கூட "பையா" என்பார்கள்.

1963-ம் ஆண்டு, சம உரிமைக் கிளர்ச்சியில் கைதான மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் கோர்ட்டில் சாட்சிக் கூண்டு ஏறினார். சர்க்கார் வக்கீல் அவரை "மேரி" என்று அழைத்துக் கேள்வி கேட்டார்.

"மிஸ் ஹாமில்டன்" என்று முறையாக அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். பதில் சொல்லும்படி நீதிபதி உத்தரவிட்டார். அவர் அசையவில்லை. கோர்ட்டை அவமதித்ததாக 5 நாள் ஜெயில், 50 டாலர் அபராதம்!

வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1964 மார்ச்சில் அந்தத் தண்டனை ரத்து ஆயிற்று.

பக்கத்து மாநிலத்தில்

அது தூர தேசத்துக் கதை. நம் பக்கத்துக் கேரளத்தில், பொதுமக்களைப் போலீசார் "எடா, எடி" என்று அழைக்கக்கூடாது என்று 2021-ல் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நம் ஊர் "டா, டீ" போன்றவையே அந்தச் சொற்கள். மரியாதையாகப் பேசும்படி போலீஸ் தலைமை அதிகாரியும் சுற்றறிக்கை அனுப்பினார்.

அதே ஆண்டு, பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் பஞ்சாயத்து இன்னொரு பக்கத்தைப் பார்த்தது. ஆபீசுக்கு வருகிறவர்கள் அங்குள்ளவர்களை "சார், மேடம்" என்று அழைக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது. மக்கள் குனியவும் வேண்டாம் என்பது அதன் கருத்து.

அன்பா, அலட்சியமா?

"நீ" என்பதெல்லாம் அவமதிப்பு ஆகிவிடுமா? ஆகாது. தாயை "நீ" என்கிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தை "பாட்டி" என்று அழைத்தால் மனம் குளிர்கிறது.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? வழி சுலபம். உங்களை "நீ" என்கிற அந்நியரை நீங்களும் "நீ" என்றால் அவர் பொறுத்துக் கொள்வாரா? கோபம் வருமானால், அவர் சொன்னது அன்பு அல்ல; அலட்சியம்!

அப்போது என்ன செய்வது? பதிலுக்கு ஏசினால் பேச்சு சண்டையில் முடியும். பேசாமல் இருந்தால் அதுவே பழக்கமாகிவிடும். "மரியாதையாகப் பேசுங்கள், தம்பி" என்று நிதானமாகச் சொன்னால் போதும். மேரி ஹாமில்டன் கேட்டதும் அவ்வளவுதான். அவர் யாரையும் திட்டவில்லை. தமக்குரிய மரியாதையைக் கேட்டார், பெற்றார்.

ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கும் ஒரு வார்த்தை: "நீங்கள்" என்று சொல்லச் செலவு ஒன்றும் இல்லை!