புரியவில்லை என்று சொல்வது குற்றமல்ல

சொல்பவர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார்; கேட்பவர் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறார். வீட்டில் இப்படி நேர்ந்தால் சிறு சண்டையோடு போய்விடும். வேலை செய்யும் இடத்தில் நேர்ந்தால் சம்பளம் போகும். சில இடங்களில் உயிரே போகும்.

2019-ம் ஆண்டு மே மாதம் மதுரைக்கு அருகே, திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே, ஒரே பாதையில் இரண்டு பயணிகள் ரயில்கள் எதிரெதிராக அனுமதிக்கப்பட்டன. நல்ல வேளையாக விபத்து தவிர்க்கப்பட்டது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களில் ஒருவர் தமிழர். மற்றவர் இந்தி பேசுபவர். ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சரியாக விளங்கவில்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது.

அடுத்த மாதமே தெற்கு ரயில்வே ஒரு சுற்றறிக்கை விட்டது. கட்டுப்பாட்டு அறையும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் பேச வேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்க வேண்டும் என்றது அது. தமிழ்நாட்டில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெற்றது சரியே. ஆனால் அத்துடன் விஷயம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. எந்த மொழியில் பேசுவது என்ற கேள்விக்கு முன்பாக இன்னொரு கேள்வி இருக்கிறது. கேட்டவருக்குப் புரிந்ததா என்பதே அது.

'சரி' மட்டும் போதாது

இதற்கு ரயில்வேயிலேயே ஒரு பழைய வழிமுறை உண்டு. அடுத்த நிலையத்திலிருந்து டெலிபோனில் லைன் கிளியர் வாங்கும்போது, அங்கிருப்பவர் 'சரி, அனுப்புங்கள்' என்று சொன்னால் மட்டும் போதாது. தம்மிடமுள்ள தாளிலிருந்து இரண்டு இலக்க எண் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். வெறும் வாய்ச்சொல்லை நம்பி ரயிலை அனுப்பக் கூடாது என்று அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இருந்தாலும், பேச்சே புரியாதபோது எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு என்ன பயன்? கேட்டதைக் கேட்டவரே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கேட்டு 'ஆம்' என்ற பிறகே காரியம் நடக்க வேண்டும்.

ஆங்கிலத்தை விதித்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானத்தில் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். கஜக விமானம் 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் போதிய அளவு தெரியாததும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

தலையாட்டும் வழக்கம்

மும்பைக்குப் புதிதாக வரும் தமிழரின் நிலையை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அந்த இந்திக்காரர் எப்படித் திண்டாடியிருப்பாரோ, அப்படித்தான் இங்கே நம்மவர் திண்டாடுகிறார். கிடங்கிலும் ஆபீசிலும் பட்டறையிலும் மேலதிகாரி மளமளவென்று இந்தியில் சொல்லிவிட்டுப் போகிறார். பாதிதான் விளங்குகிறது. ஆனாலும் 'ஹாங்ஜி' என்று தலையாட்டிவிடுகிறார். கேட்டால் சிரிப்பார்களோ, 'மதராஸி'க்கு ஒன்றும் தெரியாது என்பார்களோ என்ற கூச்சம்.

இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். 'பௌனே தீன்' என்றால் இரண்டே முக்கால். 'தீன்' மட்டும் காதில் விழுந்தவர் மூன்று மணிக்கு வந்து நிற்பார். 'உன்னாஸி' என்றால் 79, 'நவாஸி' என்றால் 89. எழுபத்தொன்பது மூட்டை ஏற்றச் சொன்ன இடத்தில் எண்பத்தொன்பது ஏற்றினால், கணக்குக் கேட்கும்போது யார் தலை உருளும்? தலையாட்டியவர் தலைதானே!

ஆகவே தேதி என்றால் தேதியைச் சொல்லிக் கேட்க வேண்டும். எண் என்றால் இலக்கம் இலக்கமாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிப் படித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மேலே இருப்பவர்களின் பொறுப்பு

பழியெல்லாம் கேட்பவர் மீதே சுமத்துவதும் நியாயமாகாது. 'ஒரு தடவை சொன்னால் தெரியாதா?' என்று எரிந்துவிழும் மேலதிகாரியிடம் இரண்டாவது முறை கேட்க யாருக்குத் துணிவு வரும்? இப்படி வாயடைத்துப் போனவர்கள் செய்யும் தவறுகளில் பாதி அந்த அதிகாரியின் கணக்கில் சேர வேண்டியது. மேற்பார்வையாளர்களாக உயர்ந்துள்ள தமிழர்களும் இதை மறக்கக் கூடாது. இன்று அவர்களின் கீழ் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். தாங்கள் முன்பு பட்ட பாட்டை அவர்களுக்குக் கொடுக்கலாமா?

திருக்குறளில் 'சொல்வன்மை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. 'கேள்வி' என்றும் ஓர் அதிகாரம் உண்டு. சொல்லத் தெரிவதும் கேட்கத் தெரிவதும் இரண்டு மாடுகள் பூட்டிய வண்டி. ஒன்று படுத்துக்கொண்டால் வண்டி நகராது.

'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்க ஆகும் நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குக் கூச்சப்பட்டு ஆயுளுக்கும் வருந்துவது புத்திசாலித்தனம் ஆகாது.