விடைத்தாளைத் திருத்துவது யார்?

1840-இல் பிரிட்டனில் எந்த ஊருக்கும் ஒரு பென்னிக்குக் கடிதம் போடலாம் என்ற ஏற்பாடு வந்தது. ஐசக் பிட்மன் அதை உடனே பிடித்துக்கொண்டு, தாம் வகுத்த சுருக்கெழுத்தைத் தபாலில் கற்றுத்தரத் தொடங்கினார். பாடம் போகும், மாணவர் எழுதிப் பார்த்துத் திருப்பி அனுப்புவார், திருத்திய தாள் மறுபடி அவர் வீட்டுக்கு வரும். தொலைவிலிருந்து கற்பிப்பதில் அன்றே இரண்டு வேலைகள் இருந்தன: பாடத்தைக் கொண்டு சேர்ப்பது ஒன்று, கற்றவர் எழுதியதைப் படித்துத் திருத்துவது மற்றொன்று. முதல் வேலையின் செலவு இறங்கி இறங்கி இன்று ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இரண்டாவதன் செலவு அப்படி இறங்கவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கல்வி எங்கே ஜெயித்தது, எங்கே தடுக்கியது என்பதை இந்த வேறுபாட்டிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும்.

1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. கல்லூரி வாசலை மிதிக்காதவரும் தேர்வில் தேறினால் பட்டம் பெறலாம் என்றது. இந்த வெளிவாரிப் பட்டம் கடல் கடந்தும் வேரூன்றியது. கொழும்பில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை தன் மாணவரை இலண்டன் தேர்வுக்கே அனுப்பியது. ஆனால் இலண்டன் திறந்துவிட்டது தேர்வை மட்டும். கற்பிக்கும் பொறுப்பை அது ஏற்கவில்லை. அந்த இடத்தை டுட்டோரியல்கள் நிரப்பின. நாவலாசிரியராகப் பெயர் எடுக்குமுன் எச். ஜி. வெல்ஸ் அப்படியொரு நிறுவனத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர்தான். கட்டணம் கட்ட முடிந்தவருக்கு ஆசிரியர் கிடைத்தார். முடியாதவர் புத்தகத்தோடு தனியே மல்லுக்கட்டினார்.

இந்தக் குறையைத் தீர்க்க ஓர் அரசே முன்வந்த கதை பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் 1963-இல் கிளாஸ்கோவில் அறிவித்த யோசனை அது. நிறைவேற்றும் பொறுப்பு அமைச்சர் ஜென்னி லீயிடம் வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகளான அவர், ஏழைகளுக்கென்று தரம் குறைந்த ஒரு பட்டத்தை உருவாக்க மாட்டேன் என்பதில் உறுதியாக நின்றார். பழமைவாதக் கட்சியின் இயன் மெக்லியோட் இதை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார். 1970-இல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தபோதும், கல்வி அமைச்சரான மார்கரெட் தாட்சர் பல்கலைக்கழகத்தை மூடவில்லை. 1971 ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பிபிசி ஒளிபரப்பிய பாடங்கள்தாம் பலருக்கு நினைவிருக்கின்றன. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாங்கிய தூண் தொலைக்காட்சியல்ல. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றாசிரியர் இருந்தார். கட்டுரைகளைப் படித்து, மதிப்பெண் போட்டு, எங்கே பிசகியது, ஏன் பிசகியது என்று ஓரத்தில் எழுதி அனுப்புவது அவர் வேலை. பக்கத்து ஊரில் வகுப்பு உண்டு, கோடையில் தங்கிப் படிக்கும் முகாம் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் பாதியில் நிற்காமல் பட்டம் வாங்க இவையெல்லாம் கைகொடுத்தன.

2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. பாடங்களை விற்றுப் பணம் பார்க்கலாம் என்று மற்றப் பல்கலைக்கழகங்கள் கணக்குப் போட்ட காலம் அது. அந்த நோக்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் தொடங்கிய ‘ஃபாதம்’ 2003-இலேயே மூடப்பட்டது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006-இல் ‘ஓப்பன்லேர்ன்’ என்ற பெயரில் அறிவியல், கலை, சமூகவியல் பாடங்களை இலவசமாக்கியது. அதன் பிபிசி பாட ஒளிபரப்பு நின்றதும் அதே ஆண்டில்தான். ஆனால் ஓப்பன்லேர்னில் படிப்பவர் எழுதுவதைத் திருத்தப் பயிற்றாசிரியர் இல்லை. 2012-க்குப் பின் இங்கிலாந்தில் அரசு மானியம் வெட்டப்பட்டு, பயிற்றாசிரியரோடு படிக்கும் பட்டப்படிப்பின் கட்டணம் பன்மடங்கு ஏறியது. பகுதிநேர மாணவர் எண்ணிக்கை சரிந்தது. ஒரே நிறுவனத்தில் பாடம் இலவசமாயிற்று, ஆசிரியர் எட்டாத தொலைவுக்குப் போனார்.

அமெரிக்காவிலும் பாடம் எல்லோரையும் எட்டியது, கைபிடித்து நடத்த ஆள் இல்லை. 2011-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் இணையவழி சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர்; முடித்தவர்கள் அதில் ஏழில் ஒரு பங்கு அளவே.

நம் பங்கும் சிறியதல்ல. சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று, மற்ற ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கைகோத்து 2003-இல் தொடங்கிய ‘என்.பி.டி.இ.எல்.’ பொறியியல் மாணவர் எல்லோருக்கும் தெரிந்த பெயர். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரி மூலம் சேர்பவருக்கு அங்கேயே வழிகாட்ட ஒரு பேராசிரியர் இருக்க வாய்ப்புண்டு. கல்லூரிக்குப் போக முடியாமல், கைப்பேசியில் தனியாகப் படிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இலவசக் கல்வி முதலில் எட்ட வேண்டியவர் அவர்தான். விடைத்தாளை இனி இயந்திரமே திருத்திவிடும் என்கிறார்கள். பிழையை அது காட்டும். ஆனால் மூன்று வாரமாக வராதவரைக் கூப்பிட்டு ஏன் நின்றுவிட்டாய் என்று உரிமையோடு கேட்பதற்கு ஊரறிந்த ஓர் ஆள் வேண்டும்.

அதற்கான கட்டடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். கிளை நூலகங்களில் வாரத்தில் இரண்டு மாலைகள், ஊதியத்தோடு ஒரு பயிற்றாசிரியரை உட்கார வைக்க அந்த வரியில் ஒரு பங்கை ஒதுக்கலாம். காணொளிகள் போதுமான அளவு குவிந்துவிட்டன. அடுத்த ரூபாயை அரசு ஆசிரியருக்குச் செலவிடட்டும்.