‘தெரியாது’ என்பதும் ஒரு விடையே

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை இரவு, என் அக்காள் மகனுடன் இணையம்வழி நடைபெற்ற வானியல் புதிர்ப்போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். வானத்தைப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஆர்வலர்கள் தங்களுக்குள் நடத்திய போட்டி அது. வெளியே பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு திடலுக்குச் செல்ல முடியாத இரவுகளில் அவர்கள் இப்படித் திரையில் கூடுவது வழக்கம். மாணவர்கள், பொறியாளர்கள், இல்லத்தரசிகள், பணி ஓய்வுபெற்றவர்கள் எனப் பலரும் வந்திருந்தனர். மொத்தம் 20 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் 30 வினாடி.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் அக்காள் மகன் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் இருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாறு கேள்விகளுக்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். மடிக்கணினியில் கேள்வி தோன்றியதும் அவன் விரல்கள் திறன்பேசியில் விடையைத் தேடிக்கொண்டிருந்தன.

“என்னப்பா இது?” என்றேன்.

“எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள், சித்தி. யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றான்.

அவனுக்கு உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. பதினேழாவது கேள்விதான் அந்த மறுமொழியை எனக்குக் கொடுத்தது.

‘சிங்கப்பூரிலிருந்து துருவ விண்மீனைப் பார்க்க முடியுமா?’ என்பதே அந்தக் கேள்வி. ‘முடியும்’, ‘முடியாது’ என இரண்டே பொத்தான்கள். பெரும்பாலோர் ‘முடியும்’ என்பதை அழுத்தினர். துருவ விண்மீன் வடகோளத்தில் தெரியும் என்று தேடுபொறி சொல்கிறது. சிங்கப்பூரும் வடகோளத்தில்தான் இருக்கிறது. எனவே, அந்த விடை சரியென்றே தோன்றும். ஆனால், பணி ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. “எனக்குத் தெரியாது. என் வீட்டு நடைபாதை வடக்குத் திசையை நோக்கியது. இருபது ஆண்டுகளாகத் தேடுகிறேன். ஒருமுறைகூடக் கண்ணில் பட்டதில்லை” என்று அவர் திரையில் எழுதினார்.

அவருக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆனால், போட்டியை நடத்தியவர் அடுத்த கேள்விக்குச் செல்லாமல் அந்தப் பெரியவரின் வரிகளையே எல்லாருக்கும் விளக்கினார். துருவ விண்மீன் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை அவ்வூரின் அகலாங்கு தீர்மானிக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறது. ஆகவே, இங்கு அந்த விண்மீன் அடிவானத்தை ஒட்டியே இருக்கும். கையை முழுவதும் நீட்டிச் சுண்டுவிரலைக் கிடையாகப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. அடிவானத்துக்கு மேல் அந்த அளவே உள்ள ஒரு புள்ளியைக் கட்டடங்களும் மேகமும் விளக்கொளியும் மறைத்துவிடுகின்றன. கணக்குப்படி அது இருக்கிறது; கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘முடியும்’ என்று அழுத்திய எங்களைவிட, ‘தெரியாது’ என்று எழுதியவரே உண்மைக்கு மிக அருகில் இருந்தார்.

அன்றிரவு முதல் எனக்குள் ஒரு கருத்து வலுப்பெற்று வருகிறது. இணையம்வழி நடைபெறும் புதிர்ப்போட்டிகளில் ‘தெரியாது’ என்ற விடைக்கும் மதிப்பான ஓர் இடம் இருக்கவேண்டும். குறிப்பாக, வானியல் போட்டிகளில் அது மிகவும் தேவை.

இப்படிச் சொல்வதால் நான் இணையப் போட்டிகளுக்கு எதிரானவள் என்று எண்ணிவிட வேண்டாம். அவை நம் நாட்டுக்கு ஏற்றவை. உலகின் இரவு வானங்கள் செயற்கை ஒளியால் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றை 2016ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் வெளியிட்டனர். ஒளி மாசு மிகுந்த நாடு சிங்கப்பூர் என்று அந்த ஆய்வு கூறியது. இருளுக்கு நம் கண்கள் முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு இங்கு இரவு வெளிச்சமாக இருக்கிறது. இதனுடன் மேகமும் மழையும் சேர்ந்துகொள்கின்றன. இத்தகைய ஊரில் வானத்தை நேசிப்பவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள இணையம் பெரிதும் உதவுகிறது. முதியோரும் உடற்குறையுள்ளோரும் வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளலாம். இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை.

என் கவலை வேறு. யாரும் பார்க்காத இடத்தில் விடையளிக்கும்போது நாம் எந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்கிறோம்? இந்தக் கேள்வி மற்றத் துறைகளைவிட வானியலுக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில், தொலைநோக்கியின் வழியே ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். அவர் என்ன கண்டார் என்பதற்குப் பல வேளைகளில் அவருடைய சொல்லே சான்று.

மாறொளி விண்மீன்களை நோக்கும் ஆர்வலர்களை எடுத்துக்கொள்வோம். சில விண்மீன்களின் ஒளி கூடும், குறையும். அவற்றைத் தொடர்ந்து பதிவு செய்வதற்காக 1911ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அதற்குத் தங்கள் பதிவுகளை அனுப்புகிறார்கள். அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, தாம் கண்ட ஒளியின் அளவைக் குறிப்பது அவர்கள் வேலை. நேற்று மற்றவர்கள் எழுதிய அளவைப் பார்த்துவிட்டு அதையே எழுதினால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆயினும், அப்படிச் செய்தால் அந்தப் பதிவுக்குப் பயனே இல்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில், நம் முன்னோர் திருவாதிரை என்று அழைத்த செந்நிற விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரி வரை அது மங்கிக்கொண்டே சென்றதை ஆர்வலர்களின் கண்களும் இரவுதோறும் அளந்தன. ‘திருவாதிரை இவ்வளவு ஒளியுடன்தான் இருக்கவேண்டும்’ என்று நூலைப் பார்த்து எழுதியிருந்தால், அந்த மாற்றம் அவர்கள் பதிவில் இடம்பெற்றே இருக்காது.

இணையத்திலேயே நடந்த மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2007ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 லட்சம் விண்மீன் திரள்களின் படங்களை இணையத்தில் இட்டு, அவற்றை வகைப்படுத்தித் தருமாறு அறிவியலாளர்கள் பொதுமக்களிடம் கேட்டனர். அவ்வாறு உதவ முன்வந்தவர்களுள் ஹன்னி வான் ஆர்க்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியையும் ஒருவர். ஒரு படத்தில், விண்மீன் திரளுக்கு அருகே விளங்காத ஒரு திட்டு தென்பட்டது. அவர் அதைக் கடந்து சென்றிருக்கலாம். ஏதோ ஒரு வகையில் சேர்த்துவிட்டும் போயிருக்கலாம். ஆனால், ‘இது என்ன?’ என்று அவர் கேட்டார். அறிவியலாளர்களுக்கும் உடனே விடை தெரியவில்லை. ஆய்வுகள் தொடர்ந்தன. முன்பு அந்த விண்மீன் திரளின் மையத்திலிருந்து வீசிய கடும் ஒளியால் இன்னமும் ஒளிரும் மாபெரும் வாயு மேகம் அது என்று தெரியவந்தது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அதைப் படம் எடுத்தது. இன்று அது அந்த ஆசிரியையின் பெயரால் அழைக்கப்படுகிறது. எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவே அந்தக் கண்டுபிடிப்பின் முதற்படி.

சிலர் இப்படி வாதிடுவர்: “எல்லாம் தேடுபொறியில் கிடைக்கும்போது எதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? தேடுவதும் ஒரு திறன்தானே?” தேடுவது திறன்தான்; அதை மாணவர்கள் கற்கவேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால், அதைத் தேடல் போட்டி என்று சொல்லி நடத்தலாம். ஆனால், நினைவில் உள்ள அறிவுக்கு ஈடாகத் தேடலை வைக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்ற சமயப் போதகர் வாழ்ந்தார். வீட்டில் வைத்திருந்த தொலைநோக்கியால் விண்மீன் திரள்களைப் பார்ப்பது அவர் வழக்கம். நூற்றுக்கணக்கான திரள்கள் எப்படித் தோன்றும் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால்தான், ஏதேனும் ஒரு திரளில் முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளி தோன்றினால், அவர் கண் அதை உடனே பிடித்துக்கொண்டது. வெடித்துச் சிதறும் பெரு விண்மீன்களைச் சூப்பர்நோவா என்பார்கள். அவற்றுள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை அவர் இவ்வாறு தம் கண்ணாலேயே கண்டறிந்தார். பழையது மனத்தில் இருந்தால்தான் புதியது கண்ணில் படும். எதைத் தேடுவது என்றே தெரியாதபோது தேடுபொறியால் என்ன செய்ய முடியும்?

“இது வெறும் விளையாட்டு. இவ்வளவு கடுமை எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. விளையாட்டு என்பதால்தான் சொல்கிறேன். பரிசோ சான்றிதழோ பெரிதாக இல்லாத இடத்தில்தான் நேர்மையை அச்சமின்றிப் பழக முடியும். அங்கேயே பழகவில்லை என்றால், தேர்விலும் வேலையிலும் அது திடீரென்று வந்துவிடாது.

அப்படியானால், இத்தகைய போட்டிகளை எப்படி அமைக்கலாம்? நேரத்தை 30 வினாடியிலிருந்து 15 வினாடியாகக் குறைப்பது தீர்வாகாது. விரைவாகத் தட்டத் தெரிந்தவரே அதில் வெல்வார். நான் மூன்று மாற்றங்களைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கேள்வியிலும் ‘தெரியாது’ என்ற பொத்தானும் இருக்கட்டும். சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கலாம். தவறான விடைக்கு ஒன்றைக் கழிக்கலாம். ‘தெரியாது’ என்பதற்குக் கழிக்காமல் விடலாம்.

இரண்டாவது, பலர் ‘தெரியாது’ என்று அழுத்திய கேள்வியைப் போட்டியின் முடிவில் எல்லாரும் சேர்ந்து பேசட்டும். அன்று துருவ விண்மீனைப் பற்றிப் பேசிய அந்தச் சில நிமிடங்களே எனக்கு நினைவில் நிற்கின்றன. மற்றப் பத்தொன்பது கேள்விகளுள் பாதியை நான் மறந்துவிட்டேன்.

மூன்றாவது, பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகளைப் போட்டிக்கு ஒரு வாரத்துக்கு முன்பே கொடுக்கலாம். ‘உங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து இரவு எட்டு மணிக்கு எத்தனை விண்மீன்களைக் காண முடிகிறது?’, ‘மாலையில் தெரியும் பிறைநிலா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?’ என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்குப் பிறைநிலா பெரும்பாலும் படகுபோலப் படுத்திருக்கும். வெளிநாட்டுக் கதைப் புத்தகங்களில் அது நிமிர்ந்து நிற்கும். இந்த வேறுபாட்டைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவர் அதை வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டார்.

அந்தப் போட்டியில் என் அக்காள் மகன் மூன்றாம் இடம் பெற்றான். ஆனால், அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு நடந்த அடுத்த போட்டியின்போது திறன்பேசியை அவனே என்னிடம் கொடுத்துவிட்டான். அந்த முறை பதினோராம் இடம்தான் கிடைத்தது. போட்டி முடிந்ததும் தனக்குத் தெரியாத ஏழு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, “சித்தி, இதில் நான்கை நம் நடைபாதையில் நின்றே கண்டுபிடிக்கலாம்” என்றான். அன்று மழை இல்லை. இருவரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே சென்றோம்.

மாணவர்களே, அடுத்த முறை திரையில் ஒரு கேள்வி தோன்றும்போது, விடை உங்களுக்குத் தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள். ‘தெரியாது’ என்று சொல்லுங்கள். பிறகு, எழுந்து சென்று வானத்தைப் பாருங்கள்.