அகலத்தை நாமே சொல்வோம்!

நாம் படிக்க வந்திருக்கும் இந்தப் புனே நகருக்கும் மழைக் கணக்குக்கும் நெடுநாள் உறவு உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. 1944-இல் அது தில்லிக்குப் போன பின்னும் அந்தப் பணி இங்கே தொடர்கிறது.

மழைக் கணக்கோடு பழகும் முதுகலை மாணவன் நான். தமிழ்நாட்டு மாவட்டங்கள் 38, மாதங்கள் 12. ஆக 456 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்றை இணையப் பக்கமாக அமைத்தேன். என் கணினியின் பெரிய திரையில் அது சித்திரம்போல் இருந்தது. அறைத் தோழன் தன் கைபேசியில், வேறோர் உலாவியில் திறந்தான். "ஏன்டா, இது அக்டோபர் மழையா, நவம்பர் மழையா?" என்றான். கீழே நகர்த்தியதும் தலைப்பு வரி மறைந்துவிட்டது. 'இராமநாதபுரம்', 'கள்ளக்குறிச்சி' போன்ற நெடும்பெயர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு, மாதங்களைத் திரைக்கு வெளியே தள்ளியிருந்தன.

குற்றம் உலாவியுடையது அன்று; என்னுடையது. அகலம் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் உலாவி தானே முடிவு செய்யும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். 2.1 விதிகள் (2011), அந்த முடிவுக்கு ஒரே வழியைக் கட்டாயமாக்கவில்லை. எழுத்துருவும் தன் பங்குக்குக் குழப்பும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. சொல் ஒன்றுதான், அகலம் வேறு!

"இந்த வம்பு எதற்கு? அட்டவணையைப் படமாக்கிப் போட்டுவிடலாமே!" என்பர் சிலர். படத்திலுள்ள எண்ணை எடுத்துக் கணக்கிட முடியுமா? பார்வையற்ற மாணவருக்குத் திரைபடிப்பான் அதைக் கட்டம் கட்டமாக வாசித்துக் காட்டுமா? எண்ணிப் பாருங்கள்!

வழி எளிது. அட்டவணைக்கு மொத்த அகலம் கொடுங்கள். 'டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸட்' என்று எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் அளவு சொல்லுங்கள். தமிழ் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். திரை சிறிதானால் எண்களை நெருக்காதீர்கள். உயரம் வரையறுத்த ஒரு சட்டத்துக்குள் அட்டவணையை நகர விடுங்கள். தலைப்பு வரியையும் மாவட்டப் பெயர்களையும் 'பொசிஷன்: ஸ்டிக்கி' கொண்டு நிறுத்தி வையுங்கள்.

எல்லா உலாவிகளிலும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல் தோன்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோட்டின் தடிப்பு மாறட்டும். எழுத்தின் சாயல் மாறட்டும். பொருள் மட்டும் மாறலாகாது. அதைக் காப்பது எழுதுகிறவரின் கடமை. அக்டோபர் மழை எந்தத் திரையிலும் அக்டோபருக்குக் கீழேயே பெய்ய வேண்டும்!